ஒப்பம் எல்லாம் ஒப்புதல் ஆகுமா?

முதுகுத் தண்டுவட அழுத்த நீக்க அறுவை, நரம்பை நெருக்கும் எலும்பையோ வட்டையோ அகற்றிக் கால்வலியைத் தணிக்கிறது. எனினும் தண்டுவட உறை கிழிந்து நீர் கசியலாம். கிருமித்தொற்று, குருதிக்கட்டு, நரம்புச் சேதம் நேரலாம். அரிதாகச் சிறுநீர், மலக் கட்டுப்பாடும் குன்றலாம்.

சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், குறிப்பிடத்தக்க ஆபத்துகள் ஆகியவற்றை நோயாளி அறிந்து தருவதே இசைவு என்று சமீரா கோஹ்லி வழக்கில் (2008) உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அறிதலோ மொழிவழி நிகழ்வது. 1969 முதல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இயங்கும் மைசூருவில், தமிழ் மட்டுமே அறிந்தவர் ஆங்கிலப் படிவத்தில் ஒப்பமிட நேர்ந்தால் அது எத்துணை முரண்!

'டியூரல் டேர்' என்பது அவருக்கு வெற்றொலி. 'உறை கிழியலாம், சில நாள் படுத்தே இருக்க நேரலாம்' என்றால்தான் வலியையும் ஆபத்தையும் அவர் சீர்தூக்க இயலும். மொழிபெயர்ப்பு இங்கே உபசாரமன்று. மருத்துவத்தின் ஒரு கூறு.