உபதேசத்திற்குத் திறவாத லயன் கதவுகள்

2021ஆம் ஆண்டு ஜூலை மாதம், டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குச் சென்றிருந்த சிறுமியொருவர் தீக்காயங்களுடன் வைத்தியசாலையில் உயிரிழந்த சம்பவம் நாட்டையே உலுக்கியது. மலையகத்தில் ஆர்ப்பாட்டங்கள் நடைபெற்றன. கண்டன அறிக்கைகளுக்கும் பஞ்சமிருக்கவில்லை. எனினும், பிள்ளையை வேலைக்கு அனுப்பும் தீர்மானம் லயன் அறைக்குள் எடுக்கப்படும் வேளையில், அக்குடும்பத்துடன் யார், எவ்வாறு பேசுகின்றனர் என்ற கேள்வி இன்னமும் எஞ்சியே நிற்கின்றது.

சட்டங்களுக்குக் குறைவில்லை. கட்டாயக் கல்விக்கான வயதெல்லை 2016இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. வேலைக்கமர்த்தும் ஆகக்குறைந்த வயதும் 2021இல் 16 ஆக்கப்பட்டது. நன்னடத்தை உத்தியோகத்தர்களும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்களும் கடமையில் உள்ளனர். ஆனால், உத்தியோகத்தர் உபதேசித்து அல்லது எச்சரித்துச் செல்லும்போது குடும்பத்தவர் 'சரிங்க ஐயா' என்று தலையசைப்பதுடன் விடயம் முடிந்துவிடுகின்றது. துரைமாரினதும் கங்காணிமாரினதும் கட்டளைகளுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்ட சமூகத்தில், அந்தச் 'சரிங்க' சம்மதமல்ல. உரையாடலை முடித்து வைக்கும் வழியே என்பதை நாம் உணர வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் முன்வைத்து, பின்னர் ஸ்டீபன் ரொல்னிக்குடன் இணைந்து வளர்த்தெடுத்த 'ஊக்கமூட்டும் நேர்காணல்' முறை இங்கு கவனத்திற்குரியது. மதுவுக்கு அடிமையானோருக்காக உருவான இம்முறை பின்னர் குடும்ப நலச் சேவைகளுக்கும் விரிந்தது. வற்புறுத்தினால் மனிதர் தம் நிலையை மேலும் நியாயப்படுத்துவர். மாற்றத்திற்கான காரணத்தைத் தம் வாயாலேயே கூறும்போது அதனைப் பற்றிக்கொள்வர் என்பதே இதன் அடிப்படை. 'ஏன் பிள்ளையை நிறுத்தினீர்கள்?' என்று விசாரிப்பதற்குப் பதிலாக, 'இந்தப் பிள்ளை எப்படி வரவேண்டுமென்று நினைக்கிறீர்கள் அம்மா?' என்று கேட்டுப் பாருங்கள். 'நான் படும் பாடு இவள் படக்கூடாது' என்று அந்தத் தாயே கூறக்கூடும். உத்தியோகத்தரின் பணி அங்கிருந்துதான் ஆரம்பமாகின்றது.

இது நமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான மத்தியஸ்த சபைகள் தீர்ப்பு வழங்குவதில்லை. இணக்கத்தை உரியவர்களே எட்ட உதவுகின்றன. முஸ்லிம் மக்களிடையே மஷூரா எனும் கலந்தாலோசனை நெடுநாளைய பண்பாகும்.

ஆயினும், இம்முறைக்கும் எல்லையுண்டு. பிள்ளைக்கு உடனடி ஆபத்து நேரும் இடத்தில் சட்டமே முந்த வேண்டும். அவ்வாறே, போதிய வேதனமின்மையையும் வறுமையையும் குடும்பத்தின் மனவுறுதிக் குறைவாகச் சித்திரிக்க இது கருவியாகிவிடக் கூடாது. தாய் மனம் மாறினாலும், பாடசாலைச் செலவுக்கு வழியில்லையேல் அந்த மாற்றம் நிலைக்காது.

எனவே, நுவரெலியா மாவட்டத்தில் பணியாற்றும் சமூக சேவை உத்தியோகத்தர்களுக்கும் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்களுக்கும் இப்பயிற்சி தமிழ்மொழியிலேயே வழங்கப்பட வேண்டும். ஒரு நாள் கருத்தரங்குடன் முடித்துவிடாது, தொடர்ச்சியான மேற்பார்வையும் அவசியம். ஒரு குடும்பத்தை மீண்டும் மீண்டும் சந்திப்பதற்கான நேரமும் அவர்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். மலையக மக்களுக்கு அறிவுரை கூறியோர் ஏராளம், செவிமடுத்தோரே சொற்பம். அக்குறையை நிவர்த்திக்க வேண்டியது உரிய அமைச்சுகளினதும் மாகாண சபையினதும் தோட்டக் கம்பனிகளினதும் கடமையாகும்.