நுரை வந்தால்தான் வெளுக்குமா?

எங்கள் வீட்டுக்கு ஃப்ரண்ட் லோட் வாஷிங் மெஷின் வந்து ஆறு மாதம் ஆகிறது. தவணை இன்னும் முடியவில்லை. அதற்குள் அம்மா மறுபடி துவைக்கிற கல்லுக்கே போய்விட்டார். "துணியெல்லாம் நாத்தம் அடிக்குதுடா!"

என்னைக் கேட்டால் தப்பு மெஷின் மேல் இல்லை, அம்மா மேலும் இல்லை. கையேட்டைப் பிரித்தே பார்க்காத எங்கள் மேல்தான். நுரை பத்தவில்லையே என்று அவர் பவுடரை அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறார். இந்த மெஷின் குறைந்த தண்ணீரில் துணியைத் தூக்கித் தூக்கிப் போட்டு அடிப்பது. நுரை கூடினால் மெத்தை மாதிரி நின்று அந்த அடியைத் தடுத்துவிடும். அலசலில் போகாத சோப்பு, கதவு ரப்பரில் தங்கி நாறும்.

ஆக, நுரை குறைந்த ஃப்ரண்ட் லோட் பவுடர், அதுவும் அளவாக. துணிக்கு மேல் ஒரு கை நுழைய இடம். துவைத்ததும் ரப்பரைத் துடைத்து, கதவைத் திறந்து வையுங்கள். மாதம் ஒருமுறை துணி இல்லாமல் 60 டிகிரியில் ஓட்டுங்கள். தினப்படித் துணிக்கு அவ்வளவு சூடு தேவையில்லை. சுடுதண்ணீர் வைத்தால் கரண்டை அதிகம் தின்பது மோட்டார் இல்லை, ஹீட்டர்தான். (காமர்ஸ் புத்தி!)

போன ஞாயிறு நானே போட்டேன். அம்மா சட்டையை மோந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. திட்டாவிட்டால் பாஸ் என்று அர்த்தம் :-)