தாளின் வெள்ளை தோலின் நிறம் அல்ல

பென்சிலில் முகம் வரையக் கற்றுத்தரும் வீடியோக்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகும். முதலில் ஹெச்.பி. பென்சிலில் மெல்லிய அவுட்லைன். பிறகு கண்குழி, மூக்கோரம், தாடைக்கு அடியில் 2பி, 4பி நிழல். கன்னமும் நெற்றியும் தாளின் வெள்ளையாகவே நிற்கும். "லைட் விழற இடத்தைத் தொடாதீங்க" என்பார் ஆசிரியர். கேட்க எளிமையான பாடம். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு விதி அதற்குள் இருக்கிறது: தோல் என்றால் வெள்ளை, கறுப்பு என்றால் நிழல்.

அந்த விதி நம்ம ஊர் முகங்களை வரைவதில்லை, திருத்துகிறது.

சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறவனுக்கு இது பழகிய கதை. எது டீஃபால்ட்டாக வருகிறதோ அதை அநேகம் பேர் மாற்றவே மாட்டார்கள். கோடாக் கம்பெனி பல பத்தாண்டுகளாக ஃபோட்டோ லேப்களுக்கு 'ஷெர்லி கார்டு' என்ற ஒன்றை அனுப்பிக்கொண்டிருந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் தோல் சரியாக வந்துவிட்டால் பிரிண்ட் சரி. கறுத்த தோல் அந்தக் கணக்கிலேயே கிடையாது. பென்சில் பாடத்தின் ஷெர்லி கார்டு, வெள்ளைத் தாள்.

நான் போன வாரக்கடைசி வகுப்பில் ஒரு பெண் தன் ஆயாவின் படத்தை வரைந்துகொண்டிருந்தார். நல்ல கறுப்பு, சுருக்கம் விழுந்த முகம். கன்னத்தில் அவர் இரண்டு அடுக்கு ஷேடிங் போட்டதுமே ஆசிரியர் குனிந்து பார்த்துச் சொன்னார்: "குறைச்சுக்கோங்கம்மா, முகம் அழுக்கா தெரியுது." நிழல் என்று சொல்லவில்லை, அடர்த்தி என்று சொல்லவில்லை. அழுக்கு என்றார். ஓவியக்கலையில் அப்படி ஒரு கலைச்சொல் கிடையாது. அது தெருவிலிருந்து வந்த சொல்.

"கிராஃபைட்டால அவ்வளவு கறுப்பு வராதுங்க, அது மீடியத்தோட லிமிட்" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். பாதி உண்மை. கிராஃபைட் பளபளக்கும், கரித்துண்டு தரும் கறுப்பை அது தராது. ஆனால் தலைமுடிக்கும் கண்மணிக்கும் 8பி பென்சிலைத் தயங்காமல் எடுக்கிற அதே கை கன்னத்துக்கு வந்ததும் ஏன் நடுங்குகிறது? 1795இல் கோன்தே கிராஃபைட் தூளையும் களிமண்ணையும் கலந்து சுடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். களிமண் கூடினால் பென்சில் கடினமாகும், கோடு வெளிறும். கிராஃபைட் கூடினால் மென்மையாகும், கறுக்கும். 9ஹெச்சிலிருந்து 9பி வரை கடையில் கிடைக்கிறது. லிமிட் பென்சிலில் இல்லை.

செய்யக்கூடியதுதான். தோலின் நிறம் வேறு, அதன்மேல் விழும் வெளிச்சம் வேறு என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். முகம் முழுக்க 2பியில் ஒரு சீரான அடித்தளம், நெற்றியும் கன்னமும் உட்பட. அதன்மேல் 4பி, 6பி, அழுத்தாமல், அடுக்கடுக்காக. அழுத்தினால்தான் தாள் மழுங்கி ஈயப்பாத்திரம் மாதிரி மினுங்கும். மூக்குத்துளைக்கும் இமைக்கோட்டுக்கும் மட்டும் கடைசிக் கறுப்பு. வெளிச்சத்தை, மாவு மாதிரி பிசையக்கூடிய ரப்பரால் ஒற்றி எடுக்க வேண்டும். பின்னணிக்கும் கொஞ்சம் டோன் கொடுங்கள். சுற்றிலும் வெறும் வெள்ளை இருந்தால் எந்த முகமும் இருப்பதைவிடக் கறுப்பாகத்தான் தெரியும்.

அப்போது ஒன்று புலப்படும். நெற்றியின் மினுமினுப்பு தோலின் மேற்பரப்பிலிருந்து தெறிக்கிற ஒளி. உள்ளே இருக்கும் மெலனினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சுற்றியுள்ள தோல் அடர்ந்திருப்பதால் கறுத்த முகத்தில்தான் அது கூர்மையாகத் தெரியும். ஒளியை வரைய ஆசைப்படுகிறவன் தேடிப்போய் வரைய வேண்டிய முகம் அது. 2021 ஜூனில் கொரோனாவில் இறந்துபோன ஓவியர் எஸ். இளையராஜாவின் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் வண்ணத்தில் வரைந்தவர். ஆனாலும் அந்த மாநிற, கறுத்த தோல்களில் சன்னல் வெளிச்சம் வந்து தங்குகிற விதம் பென்சில்காரருக்கும் பாடம்.

"கஸ்டமர் கேக்கிறாரே சார்" என்பது கடைசி வாதம். கேட்கிறார்கள்தான். நிறமே இல்லாத பென்சில் படத்திலும் "கொஞ்சம் கலரா போட்டுடுங்க" என்று கேட்கிற ஊர் இது. ஆனால் இங்கே பல முகங்கள் வரையப்படுவது ஆள் போன பிறகுதான். மாலை போட்டு மாட்டப்போகிற படம். பத்து வருஷம் கழித்துப் பிறக்கிற பேத்திக்குத் தன் ஆயாவின் முகம் அதுதான். அதை வெளுத்துக் கொடுத்தால், செத்தவரை ஒருமுறை மறுப்பதோடு முடியாது. அதே நிறத்தில் பிறக்கப்போகும் அந்தப் பிள்ளைக்கும் "உன்னை மாதிரி இந்த வீட்டில் யாரும் இருந்ததில்லை" என்று சொல்கிறோம்.

அழகாக வரைந்து தருவதாகச் சொல்லிக் காசு வாங்குகிறவர்கள், யாருடைய முகத்தை என்றும் சொல்லட்டும். கற்றுக்கொள்கிறவர்கள் அடுத்த படத்தைக் கண்ணிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் கன்னத்தை நிரப்புங்கள்.