நெல் காயும் சாலையில் உயிருக்கு என்ன காப்பு?

குறுவை அறுவடைக் காலத்தில் தஞ்சாவூர், திருவாரூர் சாலைகளில் போகிறவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். தார்ச்சாலையின் ஒரு பக்கம் நெல் பரப்பிக் கிடக்கும். பெண்கள் அதைக் காலால் கிளறிக்கொண்டிருப்பார்கள். இரண்டடி தள்ளிப் பேருந்தும் லாரியும் விரையும்.

இவர்கள் விரும்பி அங்கே நிற்கவில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்துக்கான வழக்கமான வரம்பு 17 சதவீதம். மழை பெய்தால் தளர்வு கேட்டு மாநில அரசு ஒன்றிய அரசுக்கு எழுத வேண்டும். ஆணை வரும்வரை ஈரநெல் காத்திருக்காது, முளைத்துவிடும். களம் இல்லாதவருக்குச் சாலையே களமாகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? பொதுவழியில் இடையூறு செய்தால் பாரதிய நியாய சன்ஹிதா 285ஆம் பிரிவின்படி 5,000 ரூபாய் வரை அபராதம். நெல் காயவைப்பவர் மீது இது எளிதில் பாயக்கூடியது. மறுபக்கம், சாலைத் தரத்தைக் கடைப்பிடிக்காததால் உயிர் போனாலும், மோட்டார் வாகனச் சட்டம் 198ஏ பிரிவின்படி ஒப்பந்ததாரருக்கு அதிகபட்ச அபராதம் ஒரு லட்சம் மட்டுமே. கோடிகளில் பணி எடுப்பவருக்கு இது ஒரு பொருட்டா? அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும், ஓரத்தில் நிற்கும் அவசர ஊர்தியைக் கண்டால் தடம் மாறவோ வேகம் குறைக்கவோ வேண்டுமெனச் சட்டம் உண்டு. பல மாநிலங்களில் அது சாலைப் பணியாளரையும் காக்கிறது. இங்கும் அத்தகைய தெளிவான கட்டளை தேவை.

மோதிவிட்டு நிற்காமல் போன வாகனம் எதுவென்று தெரியாவிட்டாலும், 2022 ஏப்ரல் 1 முதல் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், படுகாயமுற்றவருக்கு 50,000 ரூபாய் இழப்பீடு உண்டு. இதை அறியாத ஏழைகள் ஏராளம். விண்ணப்பம் எழுதித் தர ஜமாஅத்துகள் முன்வர வேண்டும்.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். கல்லும் முள்ளும் மட்டுமா தொல்லை? கண்மண் தெரியாத வேகமும் தொல்லைதான். வண்டி ஓட்டும் நம் பிள்ளைகளுக்கு ஜும்ஆ பயானில் இதைச் சொல்வோம். பள்ளிவாசல்களின் திறந்தவெளியை அறுவடை நாட்களில் எல்லாச் சமயத்தாருக்கும் களமாகத் திறந்துவிடுவோம். ஊருக்கு ஊர் உலர்களம் கேட்டு மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுப்போம்.

நம் தட்டுக்குச் சோறு தருபவரின் உயிரைக் காப்பது நம் கடமை. வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக!