ஓநாய் வம்சத்தார்

இரத்தம் குடிக்கும் பேய் ஒன்று பள்ளிக்கூடத்துப் பெண்ணைக் காதலிக்கிறது. ஓநாயாக மாறும் பையன் ஒருவன் அதே பெண்ணுக்காக அந்தப் பேயுடன் மல்லுக்கு நிற்கிறான். சிரிக்காதீர்கள்! ‘ட்வைலைட்’ வரிசையில் 2005 முதல் 2008 வரை வெளிவந்த நான்கு நாவல்களின் கதை இதுதான். நடுநடுவே ஒரே இழுவை. ஆனாலும் இரவு ஒரு மணி வரை விளக்கை எரித்துப் படித்தேன் என்பதற்கு என் வீட்டார் சாட்சி.

எழுதியவர் ஸ்ரீமதி ஸ்டெஃபனி மேயர். அரிஸோனாவில் மூன்று பிள்ளைகளுடன் குடும்பம் நடத்தி வந்தவர். 2003 ஜூன் மாதம் ஓர் இரவு கண்ட சொப்பனந்தான் கதைக்கு வித்து. அவருடைய பேய்களின் மேனி வெயில் பட்டால் வைரம் போல் மின்னும், குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே எப்போதும் மேகம் கவிந்த ஊர் தேவைப்பட்டது. மழை கொட்டும் இடமாகக் கம்ப்யூட்டரில் தேடினார். வாஷிங்டன் மாநிலத்தில், பசிபிக் சமுத்திரத்துக்குக் கிட்டே, ஃபோர்க்ஸ் என்ற சிற்றூர் அகப்பட்டது. ஊரைக் கண்ணால் பார்க்காமலேயே கதையை எழுதி முடித்துவிட்டார்! மரத் தொழில் நசித்துக் கிடந்த அந்த ஊருக்கு ரசிகர்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள்.

பேய்கள் கற்பனை, சரி. ஓநாய்ப் பையனின் ஜாதி ஜனங்கள் கற்பனையல்ல. ஃபோர்க்ஸுக்கு மேற்கே, கடலோரத்து லா புஷ் கிராமத்தில் வாழும் குவிலியூட் என்ற பூர்வ குடிகள் அவர்கள். க்வாட்டி என்ற மாயாவி இரண்டு ஓநாய்களை மனிதர்களாக மாற்றினான், அந்த வழியில் வந்தவர்கள் நாங்கள் என்பது அவர்களுடைய புராதன ஐதீகம். ஓநாய்தான் மனிதனாயிற்றே தவிர, மனிதன் ஓநாயாகவில்லை. இரத்தக் காட்டேரி பற்றியோ அவர்கள் ஐதீகத்தில் பேச்சே இல்லை. அம்மையார் தலைகீழாகத் திருப்பிவிட்டார். பிறகு அவர்கள் பெயரைப் பொறித்த சாமான்களை யார் யாரோ விற்றார்கள்.

அந்த ஜனங்களுக்கோ கவலை வேறு. கிராமத்தின் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மைல். ஒரு பக்கம் சமுத்திரம், மறு பக்கம் ஆறு. சுனாமி வந்தால் தப்ப வழி குறைவு. பள்ளிக்கூடமோ அலைக்கு எதிரிலேயே இருந்தது. ஓநாய்ப் பையனைத் தேடி ரசிகர்கள் சுற்றிய அதே கரையில், பிள்ளைகள் மேட்டை நோக்கி ஓடப் பழகிக்கொண்டிருந்தார்கள். படித்துக்கொண்டிருந்த எனக்கு மயிர்க்கூச்செடுத்தது இந்த இடத்தில்தான், நாவலில் அல்ல.

2012-ல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டமியற்றி, தேசியப் பூங்காவிலிருந்து 785 ஏக்கர் நிலத்தை அவர்களுக்குக் கொடுத்தது. பத்து வருஷம் கழித்து, 2022-ல், மேட்டு நிலத்தில் புதிய பள்ளி திறந்தார்கள். முதலில் குழந்தைகள் மேலே ஏறிவிட்டார்கள். அடுத்தபடி வீடுகள் ஏற வேண்டும்.