எஸ்.ஜி.பி.டி. குறைஞ்சா வைரஸ் போச்சா?

"டாக்டர், எனக்கு ஹெபடைடிஸ்-பி இருக்குன்னு சொல்லிட்டாங்க. சீன மூலிகையில குணமாயிடுமாமே?"

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. நான் சித்த வைத்தியன். மூலிகையைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனாலும் ஒரு விஷயத்தை உங்களிடம் மறைக்கக் கூடாது.

சீன வைத்தியம் லேசுப்பட்டதல்ல. நாள்பட்ட கல்லீரல் அழற்சிக்கு அவர்கள் கொடுக்கும் 'சியாவ் சாய் ஹூ' கஷாயம், சுமார் 1,800 வருஷத்துக்கு முந்தைய மருத்துவ நூலில் இருக்கிறது. மொத்தம் 7 சரக்கு. அதில் இஞ்சியும் அதிமதுரமும் நம் வீட்டிலும் உண்டு.

இன்னொன்று, ஐந்து சுவையும் உள்ளது என்று அவர்கள் பெயர் வைத்த 'வூ வெய் ட்ஸு' பழம். இதன் சத்தை ஆராய்ந்துதான் 'பைஃபென்டேட்' என்ற மாத்திரையைச் செய்தார்கள். சாப்பிட்டவர்களுக்கு எஸ்.ஜி.பி.டி. மளமளவென்று இறங்கியது. ஆனால், மாத்திரையை நிறுத்தியதும் பலருக்கு மறுபடி ஏறிவிட்டது! ஏன்? வைரஸ் உள்ளேயே உட்கார்ந்திருந்தது.

எஸ்.ஜி.பி.டி. என்பது கல்லீரல் செல்கள் அடிபடும்போது ரத்தத்தில் கசியும் நொதி. அது குறைந்தால் காயம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய தனி ரத்தப் பரிசோதனை வேண்டும்.

நம்ம கீழாநெல்லிக்கும் இதே அளவுகோல்தான். 1988-ல் சென்னை ஆய்வாளர்கள் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு பி வைரஸின் அடையாளம் ரத்தத்தில் மறைந்ததாம். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனக்கும் வருத்தம்தான். அதற்காக உண்மையை மறைக்க முடியுமா?

"மூலிகைதானே, கெடுதல் இல்லை" என்றும் நினைக்காதீர்கள். மேலே சொன்ன 7 சரக்கு கஷாயம் ஜப்பானில் மாத்திரைத் தூளாக விற்றது. அதைச் சாப்பிட்ட 88 பேருக்கு நுரையீரல் அழற்சி வந்து, 10 பேர் இறந்ததாக 1996-ல் அந்த அரசாங்கமே அறிவித்தது. இன்டர்ஃபெரான் ஊசியோடு அதைச் சேர்க்கக் கூடாது என்று தடையும் உண்டு.

சீனாவே ஹெபடைடிஸ்-பியை எதைக் கொண்டு மடக்கியது தெரியுமா? பிறந்த குழந்தைக்குப் போடும் தடுப்பூசியால்! 1992-ல் அங்கே 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 10 பேருக்கு இந்த வைரஸ் இருந்தது. 2014-ல் நூற்றுக்கு ஒன்று கூட இல்லை.

ஆகவே, வாசகர்களே... பி வைரஸை அடக்கி வைக்க டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் இருக்கின்றன. சி வைரஸ் என்றால், பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையிலேயே குணம். டாக்டரைக் கேட்காமல் இவற்றை நிறுத்தாதீர்கள். கல்லீரல் திடீரென்று மோசமாகலாம். மூலிகை சாப்பிட ஆசையா? அவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

"குணமாக்கிடுறேன்" என்று யார் சொன்னாலும், "வைரஸ் அளவு குறையுமா?" என்று கேளுங்கள். என்னிடம் வந்தாலும் அதையே கேளுங்கள்.