தமிழ் நுழையாத சாப்பாட்டு மேசை

உணவைக் குறை சொல்வது நம் வழக்கமல்ல. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்டார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிட்டார்கள் என்று படித்து வளர்ந்தவன் நான். வகுப்பில் பிள்ளைகளுக்கும் அதையே சொல்கிறேன். ஆகவே சோற்றின் மீது எனக்கு வழக்கில்லை. அதைச் சுற்றிக் கட்டியிருக்கும் பகட்டின் மீதுதான் வழக்கு.

பெருநாள் விடுமுறைக்குக் கட்டாரிலிருந்து மச்சானும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். விருந்தாளியை வெளியில் அழைத்துப் போவதுதான் மரியாதை என்றாகிவிட்ட காலம். உம்மா, மனைவி, மகளோடு ஆறு பேராக, எங்கள் பக்கத்தில் புதிதாகத் திறந்த ஓர் ஆடம்பர உணவகத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். இது ஒரு கடையோடு முடிகிற நோயல்ல.

பட்டியல் முழுக்க ஆங்கிலம். இடியப்பம், சொதி, எருமைத் தயிர் எல்லாம் அதில் இருந்தன. ஒன்றின் பெயரும் தமிழ் எழுத்தில் இல்லை. உம்மா கண்ணாடியைப் போட்டு இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, பேசாமல் என்னிடம் தந்துவிட்டார். குர்ஆனையும் தமிழ்ப் பத்திரிகையையும் நாள்தோறும் வாசிக்கிற மனுஷி, சொந்த ஊரில், காலமெல்லாம் தன் கையால் சமைத்த உணவின் பெயரை வாசிக்க முடியாமல் இருந்தார்.

1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்றது. இன்றும் கொழும்பிலிருந்து சிங்களத்தில் மட்டும் ஒரு கடிதம் வந்தால் கொதித்தெழுகிறோம். கொதிக்கத்தான் வேண்டும். ஆனால் நம்மவர் முதல் போட்டு, நம்மவர் சமைத்து, நம்மவரே உண்ணும் மேசையில் தமிழை ஏற்ற மறுத்தது எந்த அரசாங்கம்?

ஆறு பேருக்கான சஹன் ஒன்று கேட்டோம். பளபளக்கும் தட்டில் இரண்டு பேர் பசியாறக்கூடிய சோறு வந்தது. கூடவே ஆறு சிறு தட்டுகள், ஆறு கரண்டிகள். சஹன் என்றால் பாத்திரத்தின் பெயர் மட்டுமா? கலியாண வீட்டிலும் கந்தூரியிலும் போடியாரும் கூலிக்காரனும் ஒன்றாகக் குந்தி, ஒரே தட்டில் கை வைத்து, மெல்லச் சாப்பிடுகிறவர் பக்கம் இறைச்சித் துண்டை ஒதுக்கிவிடுகிற பழக்கத்துக்கல்லவா அந்தப் பெயர்? 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் ஒதுங்கியிருந்த நாட்களில், யார் ஆக்கிய சோறு என்று கேளாமல் பகிர்ந்துண்ட ஊர் இது. அந்தப் பெயரை எடுத்து விலைச்சீட்டில் ஒட்டிவிட்டு, பகிர்வதை மட்டும் கழற்றி எறிந்திருக்கிறார்கள்.

பற்றுச்சீட்டு வந்தது. சாப்பாடு 10,000 ரூபா. சேவைக் கட்டணம் 10 வீதம். இரண்டையும் கூட்டி அதன் மேல் பெறுமதி சேர் வரி 18 வீதம். மொத்தம் 12,980 ரூபா. ஏறக்குறைய என் ஆறு நாள் சம்பளம். வரி அரசாங்கத்தினுடையது, 2024 ஜனவரியில் 15 இலிருந்து 18 ஆனது எல்லோருக்கும் தெரியும். கடைக்காரரைக் கேட்பது வேறு: கடைசியில் வாங்கப்போகும் தொகையை முதலிலேயே எழுதி வைத்தால் என்ன? பட்டியலின் அடியில் எறும்பு எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில், ஏன் ஒளித்து வைக்க வேண்டும்?

இவ்வளவையும் பொறுத்திருப்பேன். பரிமாற வந்த பையன் என்னிடம் தமிழ் படித்தவன். மேசையில் அவன் பேசியது முழுக்க மனப்பாடம் செய்த ஆங்கிலம். வெளியே மோட்டார் சைக்கிளடியில் ஓடிவந்து சொன்னான்: "சேர், குறை நினைக்காதீங்க. உள்ளுக்குத் தமிழ்ல கதைக்கப்படாதாம்." அந்தச் சோறு அதற்குப் பிறகுதான் எனக்குச் செமிக்காமல் போனது.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். பெண்களும் பிள்ளைகளும் கூச்சமின்றி உட்கார்ந்து சாப்பிட ஊரில் முன்பு இடம் ஏது? நியாயம். பழைய சாப்பாட்டுக் கடைகள் ஆண்களின் கோட்டையாகவே இருந்தன. படித்துவிட்டுச் சும்மா இருக்கும் இளைஞருக்கு வேலை கிடைக்கிறது. அதுவும் நியாயம். ஆனால் பெண்களுக்கு ஒரு நாற்காலி போட, அவர்களின் மொழியை வாசலில் நிறுத்த வேண்டுமா? பிள்ளைக்குச் சம்பளம் கொடுக்க, அவன் நாக்கைக் கட்ட வேண்டுமா?

எழுதுகிறவர்களான நமக்கும் இதில் பங்குண்டு. உம்மாமாரின் அடுப்படியைப் பற்றிக் கதையும் கவிதையும் எழுதி மேடையில் கைதட்டு வாங்கினோம். அதே உம்மாவை இப்படியொரு மேசைக்கு அழைத்துப்போய், ஆங்கிலப் பட்டியலை நாமே வாசித்துக் காட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் காசைக் கட்டி வந்தோம். அன்றிரவு நானும் பேசவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

கடை முதலாளிமாரே, கேட்பது மூன்றுதான். பட்டியலைத் தமிழிலும் அச்சிடுங்கள். வரியும் கட்டணமும் சேர்ந்த விலையைப் போடுங்கள். பிள்ளைகளைத் தமிழில் கதைக்க விடுங்கள். செய்தால் உம்மாவை மறுபடி அழைத்து வருகிறேன். பட்டியலை அவர் வாசிக்கட்டும்.